சொட்டு அக்காவும் புது இயந்திரமும்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குச் சொட்டு அக்கா என்று பெயர். ஒரு சொட்டு ரத்தத்தைக்கூட வீணாக்க மாட்டார் என்பதால் நாங்கள் வைத்த பட்டம். வீட்டில் ஷாம்பு பாட்டிலையும் கவிழ்த்துத்தான் வைப்பாராம். அவர் கணவர் சொல்லிச் சிரிப்பார். வண்டி ஓட்டும்போது பிடிபட்டவர்களின் ரத்தத்தில் கஞ்சா இருக்கிறதா என்று பார்ப்பது பத்தொன்பது வருடமாக அக்காவின் வேலை. குழாயை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். மெல்லிய மரக்குச்சியால் கிளறி, கட்டி ஏதும் தட்டுப்படவில்லை என்று தெரிந்த பிறகுதான் ரத்தத்தை உறிஞ்சி எடுப்பார்.

போன வருடம் இயந்திரம் வந்தது. உறிஞ்சுவது, கலக்குவது, பிரிப்பது எல்லாம் இனி அதன் பாடு. குச்சி வேலை நேர விரயம் என்று செய்முறையிலிருந்தே அடித்துவிட்டார்கள். பழைய ரத்தம் கட்டியிருக்கும், ஊசி அடைக்கும் என்று அக்கா தலைபாடாய் அடித்துக்கொண்டார். மேலதிகாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையால் செய்த சோதனைக்கு இனித் தன் கையெழுத்துக் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ஒரு பேருந்து ஓட்டுநரின் ரத்தம் வந்தது. முடிவு தெரியும்வரை அவருக்கு வேலை கிடையாது. அவர் மனைவி தினமும் போன் செய்வார். சோதனை நடக்கிறது என்பதைத் தவிர அக்காவால் ஒன்றும் சொல்ல முடியாது.

இயந்திரம் உறிஞ்சியது, அடைத்துக்கொண்டது, உறிஞ்சியதைக் கழிவில் கொட்டியது. இரண்டாம் முறையும் அதே கதை. மிச்சமிருந்தது இன்னும் ஒரு தடவைக்குத்தான். இதையாவது கையால் செய்கிறேன் என்று அக்கா கெஞ்சினார். விதி விதிதான் என்றார் மேலதிகாரி. அதையும் இயந்திரம் கொட்டியது.

திரையில் தேர்ந்தெடுக்க மூன்றே பதில்கள்: உண்டு, இல்லை, ரத்தம் போதவில்லை. மூன்றாவதை அழுத்தச் சொன்னார் மேலதிகாரி. பழி ரத்தம் எடுத்துக் கொடுத்தவர் தலையில் விழும். ஓட்டுநர் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு வீட்டில் கிடக்க வேண்டியதுதான். அக்கா அழுத்தினார். பிறகு அச்சாகி வந்த தாளின் அடியில் பேனாவால் எழுதிக் கையெழுத்தும் போட்டார்: "ரத்தம் போதுமான அளவு வந்தது. மூன்று முறை நாங்கள்தான் கொட்டினோம்."

"இத யாரு எழுதச் சொன்னது?" என்றார் மேலதிகாரி.

"யாரும் சொல்லல சார். அந்தம்மா நாளைக்கும் போன் பண்ணுவாங்க. நீங்களே எடுத்துப் பேசுங்க."

மறுநாள் பதினோரு மணிக்குப் போன் அடித்தது. எங்களில் ஒருவரும் எழவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது, கடைசியில் மேலதிகாரிதான் எழுந்து வந்தார்.