மஞ்சள் துணி காட்டிய அக்கா

கூத்தாநல்லூரில் ஒரு பலசரக்குக் கடையின் லோடு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போக விசா வந்துவிட்டது. லைசென்ஸ் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஏஜென்ட் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். பார்த்துப் பார்த்து அந்த நேரத்தில்தான் ஒரு போலீஸ்காரர் என் லைசென்ஸை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அது பங்குனி மாதம். சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்தைப் பிடுங்கும் பருவம். எங்கள் பக்கத்தில் அதற்கென்று களம் தேடிப் போக மாட்டார்கள். தார் ரோட்டிலேயே செடியைப் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் காயை உடைத்துக் கொடுக்கும். ஓரத்தில் ஒரு பெண் நின்று துணியை வீசிக்கொண்டிருப்பாள். மேலேயே ஏறிப் போ என்று அர்த்தம். ஒதுங்கிப் போனால் திட்டு விழும், நிறுத்தினால் அதைவிட விழும். அந்தத் துணியைக் கண்டால் எங்கள் ஊர் டிரைவர் எவனும் பிரேக்கை மிதிக்க மாட்டான்.

அன்று காலை வழியெல்லாம் உளுந்தை மிதித்துக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூடத்து முன்னாலும் ஒரு அக்கா மஞ்சள் துணியை வீசினார். வண்டியை நேரே விட்டேன். செடியைக் காணோம். பிள்ளைகள்தான் இருந்தார்கள், அலறிக்கொண்டு வண்டிக்கு முன்னால் சிதறி ஓடினார்கள். அல்லாஹ் காப்பாற்றினான், யார் மேலும் படவில்லை. எதிர் டீக்கடையிலிருந்து அந்தப் போலீஸ்காரர் ஓடி வந்தார்.

"என்ன பாய், கண்ணு தெரியலையா? அந்தம்மா நிறுத்தச் சொல்லுது, நீ பாட்டுக்கு ஏத்துற?"

"அவங்க வரச் சொன்னாங்க சார்."

"புள்ளைங்க மேல ஏத்தச் சொல்லுச்சா?"

அந்த அக்காவைப் பார்த்தேன். அவரும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளைச் சாலை தாண்டவிடப் பெற்றோர் சங்கம் வைத்த ஆள் அவர் என்பது பிறகுதான் தெரிந்தது. முதலில் சிவப்புக் கொடிதான் கொடுப்பதாக இருந்ததாம். ஆனால் அக்கா ஒரு காலத்தில் கூலிப் போராட்டத்தில் செங்கொடி பிடித்து வரப்பில் நின்றவர். சங்கத்திலிருந்த மிராசுதார் ஒருவர், அந்தக் கையில் மறுபடியும் சிவப்பைக் கொடுக்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். கூடக் கொஞ்சம் கறுப்பைச் சேர்த்துத் தைத்தால் என்ன என்று இன்னொருவர் கேட்க, அந்தக் கட்சி இந்தக் கட்சி என்று கூட்டமே இரண்டுபட்டதாம். கடைசியில் யாருக்கும் வம்பில்லாமல் மஞ்சள். அந்த வம்பு என் தலையில் வந்து விடிந்தது.

"அபராதத்தைக் கட்டிட்டு வாடா, கோர்ட்டோட நமக்கு என்ன பேச்சு?" என்றார் அத்தா. குற்றம் என்று ஒப்புக்கொண்டால் லைசென்ஸில் எழுதிவிடுவார்கள், அப்புறம் குவைத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் ஏஜென்ட். வண்டியை நிறுத்தினேன் என்று சொல்லிவிடு என்றார் வக்கீல். நான் நிறுத்தவில்லையே! நிறுத்தச் சொன்னதாகவும் தெரியவில்லையே! யோசிக்க யோசிக்கத் தலை கிறுகிறுத்தது.

கோர்ட்டில் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். மாஜிஸ்திரேட் வெளியூர்க்காரர். அக்காவைக் கூப்பிட்டு, "நிற்கச் சொன்னீங்களா, வரச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"நிக்கத்தாங்க ஐயா சொன்னேன்."

எனக்கு உயிரே போய்விட்டது.

"எப்படிச் சொன்னீங்க? காட்டுங்க."

அக்கா இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் துணியை எடுத்து வீசினார். ஓரத்திலிருந்து நடுவுக்கு, தாழ்வாக, இழுத்து இழுத்து. "அட, உளுந்துக்கு வீசுற வீச்சு!" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. கிளார்க் எழுந்து போய் விளக்கினார். அதற்குள் அக்கா தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்தது.

"தம்பி சொல்றது நெசந்தாங்க ஐயா," என்றார். "நில்லுன்னு நெனைச்சுத்தான் வீசுறேன். கை வான்னு கூப்புடுது. இப்பதான் எனக்கே தெரியுது."

மாஜிஸ்திரேட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வழக்கைத் தள்ளிவிட்டார். லைசென்ஸ் கைக்கு வந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அக்கா தனியாக நின்றிருந்தார். நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் அவர் முன்னால் போய் நின்றேன்.

"நாளையிலேருந்து நான் நிக்கப் போறதில்ல தம்பி."

"சங்கத்துல ஏதாச்சும் சொன்னாங்களாக்கா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

"நான் வந்து பேசுறேன்க்கா. செவப்புக் கொடியே வாங்கிக் குடுக்கச் சொல்றேன். தப்பு உங்க மேல இல்லையே."

"கொடிய மாத்தலாம். கைய என்ன பண்றது?" என்றார். கோபமாகச் சொன்னாரா, அலுப்பாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு உன் வண்டிக்கு முன்னால ஓடுச்சே புள்ளைங்க, அதுல என் பொண்ணும் ஒருத்தி தம்பி."