வேலியோரத்து வோர்ம்வுட்

எட்டு வயதில் நான் ஒரு வைத்தியம் பார்த்தேன். நோயாளி என்னைக் கூப்பிடவில்லை, நோய் என்னவென்று எனக்குத் தெரியாது, மருந்தும் எனக்காகக் காய்ச்சியது. இத்தனை தகுதிகளோடு வேறெந்த முட்டாளும் தொழிலில் இறங்கியிருக்க மாட்டான்.

எண்பதுகளின் நடுவில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், பக்குரங்காப் புறநகரில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த சித்தியும் சித்தப்பாவும் எங்களோடுதான். நான் நித்திரையில் பல்லை நறநறவென்று கடிப்பதைக் கேட்டு, வயிற்றில் பூச்சி என்று அம்மா முடிவுகட்டினார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி கோழிகளைப் பேன் அண்டாதிருக்க வேலியோரக் கோழிக்கூட்டைச் சுற்றிச் சாம்பல் நிறச் செடியொன்று வளர்த்தார். பெயர் வோர்ம்வுட். அம்மா இலையைக் கசக்கி மோந்துவிட்டு, "எங்கட மாசிபத்திரிதான், பூச்சிக்கு நல்லது" என்றார். இரண்டும் சொந்தக்காரச் செடிகள்தான், ஒரே செடி அல்ல. அது அவருக்குத் தெரியாது.

அவர் காய்ச்சித் தந்த கசாயத்தில் நாக்கு நுனியைத்தான் வைத்தேன். காதுவரை கசந்தது. அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் சித்தி வாந்தியெடுத்தார். தினமும் காலையில் அப்படித்தான். 'வயித்துக்குச் சரியில்லை' என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"சித்தி, அம்மா தந்துவிட்டவா. குடிச்சாப் பசிக்குமாம்."

அக்கா சொன்னால் சித்திக்கு மறுபேச்சில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு அரைக் கப் குடித்தார். மிச்சத்தைக் கொட்டிவிட்டு, வெறும் கப்பை அம்மாவிடம் காட்டி நல்ல பிள்ளையென்று பேர் வாங்கினேன்.

சற்று நேரத்தில் முட்டையோடு வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி அடுப்படியில் இலைகளைக் கண்டார். சித்தியின் வயிற்றைப் பார்த்தார். பிள்ளைத்தாய்ச்சி இதைத் தொடவே கூடாது, கரு கலைந்துவிடும் என்றார்.

"இவாவுக்கில்லை, மகனுக்கு" என்று அம்மா சிரித்தார்.

சித்தி சிரிக்கவில்லை. "என்னக்கா கதைக்கிறீங்கள்? நீங்கள்தானே குடுத்துவிட்டனீங்கள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முட்டைகளைப் பார்த்தேன்.

சித்தப்பா காரை ஓட்டிய வேகத்தை அதற்குமுன் கண்டதில்லை. டாக்டரின் அறைக்குள் சித்தி போய் வரும்வரை ஒருவரும் என்னை ஏசவில்லை. அடித்திருந்தால்கூடப் பயம் குறைந்திருக்கும். கடைசியில் சித்தி கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்து என் கன்னத்தைக் கிள்ளினார். குழந்தையின் நெஞ்சு நன்றாகத் துடிக்கிறதாம். வயிறு வலித்தாலோ இரத்தம் கண்டாலோ உடனே வரவேண்டுமாம். பசிக்கும் பூச்சிக்கும் அந்த இலையைக் குடிக்கிறவர்கள் உண்டுதானாம், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கும் அது ஆகாது, வலிப்பு வரலாம் என்றாராம் டாக்டர். சித்தப்பா சொல்லி முடித்ததும் அம்மா என்னை இழுத்து மடியில் அழுத்திக்கொண்டு அழத் தொடங்கினார். சித்திக்குத்தான் ஒன்றுமில்லையே, பிறகென்ன அழுகை என்று எனக்கு விளங்கவில்லை.

"குடுத்தது நான்தானே. நீங்கள் ஏனம்மா அழுறீங்கள்?"

"காய்ச்சினது நான்."