பெட்டி இல்லாத புரொசசர்

என் கணவருக்கு ஒரு சாமான் வாங்குவதென்றால் முதலில் ஆராய்ச்சி நடந்தாக வேண்டும். பிரஷர் குக்கர் வாங்கப் போய், கண்டி டவுனைச் சல்லடை போட்டுவிட்டு, முதலில் ஏறி இறங்கிய கடைக்கே கடைசியில் திரும்பிப்போன மனிதர். அப்படிப்பட்டவர் வீட்டுக்குக் கம்பியூட்டர் வாங்கக் கிளம்பினால் எப்படியிருக்கும்? மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

நான் அப்போது புசல்லாவையில் ஒரு கொமியூனிகேஷனில் வேலை செய்தேன். வருகிறவர்களுக்கு டெலிபோன் நம்பர் போட்டுக் கொடுப்பது, போட்டோகொப்பி எடுப்பது, நடுநடுவே தமிழில் டைப் அடிப்பது. பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள், கலியாணக் கார்ட், கோயில் நோட்டீஸ் எல்லாம் என் கையால்தான் போகும். வீட்டிலேயே ஒரு மெஷின் இருந்தால் அந்த வேலைகளை நானே எடுத்துச் செய்யலாம், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

அவருக்குக் கண்டியில் ஒரு ஃபார்மசியில் வேலை. வேலை முடிந்ததும் கம்பியூட்டர் கடைகளுக்குள் நுழைந்து கேள்வி கேட்டுக் குடைந்துவிட்டு பஸ் ஏறுவார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே எனக்குப் பாடம் எடுப்பார்.

"நீ டைப்தானே அடிக்கப் போற? அதுக்கு விலை கூடின புரொசசர் வேணாம். ஆக மலிஞ்சதும் வேணாம், கொஞ்ச நாள்ல இழுக்க ஆரம்பிச்சிரும். நடுவுல ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுட்டு, மிச்சத்துக்கு மெமரியைக் கூட்டிப் போட்டா சும்மா பறக்கும்."

"நீங்க வாங்கிக்கிட்டு வர்றதுக்குள்ள மக கெம்பஸுக்கே போயிருவா" என்பேன்.

கடைசியில் அந்த நடுத்தரத்தையே தீர்மானித்தார். கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா. அவரிடம் அதே புரொசசர் இரண்டு விதமாக இருந்தது. கம்பனிப் பெட்டியோடு வருவது ஒன்று. அதற்கு வாரண்டி உண்டு. மற்றது பெட்டி இல்லாமல் மொத்தமாக வந்து இறங்குவது. விலை குறைவு, ஆனால் கடை வாசலைத் தாண்டினால் கடைக்காரர் பொறுப்பில்லை. அடியில் இருக்கும் ஊசி மாதிரிக் கம்பிகளில் ஒன்று வளைந்தாலோ, உடம்பிலுள்ள மின்சாரம் கை வழியாகப் பாய்ந்தாலோ காசு போனதுதான். பெட்டியோடு எடுங்கள் என்று நானா சொல்லியிருக்கிறார். உள்ளே இருப்பது ஒன்றுதானே, அட்டைப்பெட்டிக்கு எதற்குக் காசு என்று இவர் பெட்டியில்லாததை எடுத்தார். இன்றைக்கும் அதில் எனக்குக் குறை சொல்லத் தெரியவில்லை. எங்கள் நிலைமையில் யாராயிருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள்.

கம்பியூட்டரின் வெளிக்கூடும் பழைய மொனிட்டரும் வீட்டில் தயாராக இருந்தன. மற்றதையெல்லாம் வாங்கிவந்து தானே சேர்த்துப் பூட்டுவதாகத் திட்டம். ஆக அன்றைக்கு பஸ்ஸில் அவர் மடியில் இருந்தது ஒரு சிலிசிலி பேக், மெல்லிய பொலித்தீன் பை. அதற்குள் பேப்பரில் சுற்றிய போர்ட், மெமரி, கலர் கலராக வயர்கள் தொங்கும் பவர் சப்ளை, கறுப்பு ஸ்பொஞ்சில் குத்திவைத்த அந்தச் சின்னச் சதுரம்.

அவருடைய அடையாள அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா அம்மா ஹுன்னஸ்கிரியப் பக்கம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள். இனக் கலவரத்தில் லயத்து வீடுகளைக் கொளுத்தியபோது உயிர் பிழைத்தால் போதும் என்று வன்னிக்கு ஓடினார்கள். இவர் அங்கே பிறந்தார். பள்ளிக்கூடம் போகிற வயதில் மலைக்கே கூட்டிவந்துவிட்டார்கள். வன்னியில் அவருக்கு ஒரு மரம்கூட ஞாபகமில்லை. ஆனாலும் அட்டையில் பிறந்த இடம் கிளிநொச்சி. இயக்கம் இருந்த ஊர், அந்தப் பெயரைக் கண்டாலே ஆமிக்குச் சந்தேகம். எங்களை அடித்து விரட்டியவர்கள், நாங்கள் ஓடி ஒதுங்கிய இடத்தையே பிறகு குற்றமாக்கினார்கள். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. வழியில் ஆமி பஸ்ஸை மறித்து எல்லோரையும் பேக்கோடு இறக்கி, வரிசையில் விட்டுப் பார்ப்பார்கள். அன்றைக்கு நடந்ததை அதே பஸ்ஸில் வந்த எங்கள் அடுத்த வீட்டு அக்கா ஓடிவந்து சொன்னார்.

"ஆமிக்காரன் பேக்குக்குள்ள கையை விட்டான் புள்ள. இவரு பதறிப்போயி, 'ஐயோ மாத்தியா, அசைக்காதீங்க, கை பட்டாப் போச்சு'ன்னு சிங்களத்துல கத்திட்டாரு. அவ்வளவுதான். எல்லாரும் ரோட்டுல குப்புற விழுந்தோம். எந்திரிச்சுப் பாத்தா அவரை முட்டிபோட வச்சிருந்தாங்க. பொறகு பொலிசுக்கு ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

எனக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது. குண்டு தேடுகிறவனிடம் போய் அசைக்காதே என்று ஒரு மனிதர் சொல்வாரா? சொல்வார். வாரண்டி இல்லாத சாமானை மடியில் வைத்துக் காத்துக்கொண்டு வந்தவர் சொல்வார்.

விடிந்ததும் மகளை அக்காவிடம் விட்டுவிட்டு பொலிசுக்குப் போனேன். மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார்கள். பில்லைக் காட்டினேன். பில்லை யாரும் எழுதலாம் என்றார் அங்கிருந்த பெரிய அதிகாரி. கம்பியூட்டர்தான் ஐயா என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன்.

"கம்பியூட்டர் என்றால் ஓடவைத்துக் காட்டு" என்றார்.

நேரே கண்டிக்குப் போய் நானாவின் கடையில் நின்றேன். விசயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது. அவருக்கும் கடை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார்.

"நான் வித்த சாமான்தானே தங்கச்சி. நானே வந்து காட்டுறேன்" என்றார். ஒரு மொனிட்டரையும் மவுஸையும் வேண்டியதெல்லாம் ஏற்றிவைத்த ஒரு டிஸ்க்கையும் வேனில் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார்.

பொலிஸ் மேசையிலேயே நானா பூட்டினார். ஊசிக் கம்பிகள் வளையாமல் புரொசசரை உட்கார வைக்கத்தான் நேரமெடுத்தது. என் கணவரையும் உள்ளேயிருந்து கூட்டிவந்து சுவரோரமாக நிறுத்தினார்கள். உதடு வீங்கியிருந்தது. வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒன்றுமில்லை என்கிற மாதிரித் தலையை ஆட்டினார்.

சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. ஸ்கிரீனில் வெளிச்சம் வந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவர் கைகூடத் தட்டினார். அதிகாரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மவுஸை ஆட்டிப் பார்த்தார். எங்கள் பொலிஸ் கந்தோர் மெஷினை விட இது வேகமாக இருக்கிறதே என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"என் மகளும் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். படிப்புக்குத்தான். எந்தப் புரொசசர் நல்லது?"

அவர் பதில் சொன்னார். வீங்கிய உதட்டோடு, நிறுத்தி நிறுத்தி, சிங்களத்தில் ஒழுங்காகச் சொன்னார். விலை கூடினது வேண்டாம், ஆக மலிந்ததும் வேண்டாம், நடுவில் இருப்பதை எடுத்து மெமரியைக் கூட்டிப் போடுங்கள் என்றார். நீங்கள் பெட்டியோடு வருவதையே வாங்குங்கள் என்றும் சொன்னார். அதிகாரி அக்கறையாகக் கேட்டுத் தலையாட்டினார். வீட்டுக்கு விடப் போகிறார்கள் என்று நான் நிச்சயமாக நம்பினேன். நானாவும் வேன் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

மெஷினைக் கொண்டுபோகலாம் என்றார் அதிகாரி.

"இவரு?" என்று கேட்டேன்.

அதிகாரி அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தார். "கிளிநொச்சி. அது வேறு விசாரணை. மேலிடத்துக்கு அறிவித்தாகிவிட்டது, இனி என் கையில் இல்லை" என்றார்.

பின்னேரம் ஜீப் வந்தது. கொழும்புக்கு என்றார்கள். ஏறும்போது என் கணவர், மகள் சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டாள் என்றேன். கம்பியூட்டரை நானா வேனில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் பூட்டித் தந்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் ஏறி இறங்காத இடமில்லை. இங்கே இல்லை, அங்கே கேள் என்பார்கள்; அங்கே போனால் அப்படி ஒரு பெயரே இல்லை என்பார்கள். அவர்கள் கணக்குப்படி ஒருவரும் அவரை அனுப்பவும் இல்லை, வாங்கவும் இல்லை. அந்த மெஷினில் நான் டைப் அடித்த மனுக்களுக்குக் கணக்கில்லை. அது ஒருநாள்கூடப் பழுதாகவில்லை.

வருசம் திரும்பிய பிறகு ஒருநாள் மவுஸ் வாங்க நானா கடைக்குப் போனேன். அவர் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றுவிட்டுச் சொன்னார்.

"அந்தப் பொலிஸ் பெரியவர் போன கிழமை வந்தார் தங்கச்சி. மகளுக்கு எடுத்திட்டுப் போனார். உங்கட மிஸ்டர் சொன்னாரே, அதையேதான் கேட்டு எடுத்தார்."

"இவரைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

நானா என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லா விசயம் தெரிஞ்ச ஆள், இப்பவும் உன்ட கடைக்கு வாறவரா எண்டு என்னட்டக் கேட்டார்."

நான் மவுஸை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தேன். என் கணவர் இன்றுவரை வரவில்லை.