ஒரு விரற்கடை வால்டியூப்

கனெக்டர் வரைகிறவனின் வேலை சரியாக இருந்தால் அப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது, கெட்டுப்போனால்தான் "யாருப்பா இதை வரைஞ்சது?" என்று கேட்பார்கள். எண்பதுகளின் நடுவில், அந்தக் கேள்வி என் பக்கம் வராதபடி நான் பார்த்துக்கொண்டேன். வரைபடத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டுப் பிழைக்கிற வாசகர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

புளியங்கொட்டை

நெய்வேலிக்கு வெளியே, வடலூர் சாலையில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்தேன். சுரங்கத்திலிருந்து நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டுகளை ஓட்டி நிறுத்தும் சர்க்யூட் போர்டுகளை அங்கே செய்தோம். பெரிய மோட்டார் கிளம்பும்போதெல்லாம் பக்கத்துச் செம்புக் கம்பியில் பொய்ச் செய்தி புகுந்துவிடும்; யாரும் சொல்லாமலே பெல்ட் நின்றுவிடும். அதனால் செம்புக்குப் பதில் ஒளியிழை போடுவதென்று முடிவாயிற்று. இடியாப்ப இழைப் பருமனில் ஒரு பிளாஸ்டிக் இழை. இந்த முனையில் சிவப்பு விளக்கு மினுக்கினால் அந்த முனையில் தெரியும். மோட்டார் எவ்வளவு கத்தினாலும் வெளிச்சத்துக்குக் காது கிடையாது.

இழையைப் போர்டில் பிடித்து நிறுத்தும் கனெக்டரை வரைவது என் பொறுப்பு. போர்டை வைக்கும் பெட்டிக்குள் இடம் குறைவு. எனவே இழை நுழையும் நீளக் கழுத்தை அடியோடு வெட்டிவிட்டு, புளியங்கொட்டையைவிடச் சிறிதாக ஒன்றை வரைந்தேன். மேனேஜர் அதை உள்ளங்கையில் வைத்து ரசித்தார். பிறகு போர்டு பொருத்தும் கலியபெருமாளிடம் கொடுத்தோம். கம்மாபுரத்துக்காரர். நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு எங்களிடம் வந்து, ஆறு வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்தார். வரும் பொங்கலுக்குப் பர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். கனெக்டரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து அவர் கேட்டார்: "இத போர்டுல மாட்டறதுங்களா சார், இல்ல எங்க வூட்டுக்காரி மூக்குலயா?"

கேட்லாக்கும் பெட்டியும்

சோதனைக்காக ஒரு பெல்ட்டில் ஆறு பெட்டிகள் வைத்தோம். பொருத்தும்போதே கலியபெருமாள் சொன்னார். "நுழையற எடத்துல இழைக்குப் புடிமானம் இல்லீங்க. பெல்ட் ஓடுனா பெட்டி ஆடிக்கினே இருக்கும். வாயில பட்டுப் பட்டு மடங்கிடும்."

இழை வளைவதற்கென்றே செய்யப்பட்டது, எவ்வளவு வளையலாம் என்று கேட்லாக்கில் போட்டிருக்கிறது என்று பத்து நிமிஷம் விளக்கினேன். கேட்லாக்கில் இருந்தது அசையாத மேஜைமேல் கிடக்கும் இழைக்கான கணக்கு. அது அப்போதே எனக்குத் தெரியும். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொன்னா சரிதாங்க சார். ஆடக் கூடாதுன்னு பெட்டிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடுங்க."

ஆறாவது

இரண்டே வாரத்தில் ஐந்து பெட்டிகள் படுத்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை பெல்ட் நின்றது. ஷிப்ட் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். ஆறாவது மட்டும் ஓடியது. திறந்தேன். இழை நுழையும் இடத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கறுப்பு ரப்பர். சைக்கிள் வால்வில் மாட்டுகிற வால்டியூப்.

ஓடுகிற ஒன்று ஏன் ஓடுகிறது என்று யோசிக்க வேண்டிய நேரம் அது. நான் யோசிக்கவில்லை. "யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க? இது என்ன, சைக்கிளா?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். "ஒண்ணுக்குத்தாங்க போட்டுப் பாத்தேன். கையில ஒரு துண்டுதான் இருந்துச்சு" என்றார் கலியபெருமாள். ரப்பரை உருவி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் அந்தப் பெட்டியும் நின்றது. ஷிப்டில் இருந்த ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார்: "இப்ப ஆறும் ஒண்ணாயிடுச்சு சார். இனிமே உங்களுக்குக் குழப்பம் இல்ல."

கறுப்புத் துணி

ஆறாவது பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, இழை முனையின் சிவப்பு விளக்கைப் போட்டு, பழைய போட்டோக்காரர் மாதிரி கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு பார்த்தேன். நல்ல இழை பக்கவாட்டில் ஒளிராது. அடிபட்ட இடத்தில் மட்டும் வெளிச்சம் கசியும். என் கனெக்டரின் வாயில், மிகச் சரியாக நான் கழுத்தை வெட்டிய இடத்தில், ஊதுபத்தி நுனிபோல ஒரு சிவப்புப் புள்ளி.

துணிக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தேன். வெளியே வந்தபோது மேனேஜர் நின்றிருந்தார். "மாட்டும்போது இழையை மடக்கியிருக்காங்க" என்றேன். யார் என்று பெயர் சொல்லவில்லை. ஆறு பெட்டியையும் மாட்டியது ஒரே ஆள், பெயர் தேவைப்படவில்லை. ரிப்போர்ட்டிலும் "பொருத்தியதில் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் படித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப பொங்கல் லிஸ்ட்ல கலியபெருமாள் பேரை எடுத்துடலாம்."

பாராட்டு

அடுத்த கனெக்டரை அரை அங்குலம் நீட்டி, ரப்பர் கழுத்தோடு வரைந்தேன். மார்கழி முழுக்க பெல்ட் ஒரு முறைகூட நிற்கவில்லை. பார்க்க வந்த சுரங்கத்துப் பெரிய அதிகாரிகள் ரப்பர் கழுத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்கள். "எப்படிய்யா தோணிச்சு?" என்று ஒருவர் கேட்டார். "சைக்கிளைப் பார்த்து" என்றேன். அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கலியபெருமாளை அப்போது பேக்கிங்குக்கு மாற்றியிருந்தார்கள். பத்தடி தள்ளி உட்கார்ந்து மரப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் போகும்வரை தலை நிமிரவில்லை. போனதும் சுத்தியைக் கீழே வைத்தார். "சார், அந்தத் துண்டு உங்ககிட்ட இருந்தா குடுத்துடுங்க. சைக்கிள்ல காத்து நிக்க மாட்டேங்குது."

இரண்டாவது ரிப்போர்ட்

பொங்கலுக்கு வேறொருவர் பர்மனென்ட் ஆனார். மாசியில்தான் எனக்குத் துணிவு வந்தது. காலியிடம் நிரம்பிய பிறகு வரும் துணிவுக்கு என்ன பெயரென்று தெரியவில்லை. தவறு என் வரைபடத்தில், ரப்பர் யோசனை கலியபெருமாளுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் இரண்டு முறை படித்தார். கலியபெருமாளை மறுபடி போர்டு வேலைக்கே அனுப்பினார். பர்மனென்ட் இடம் மட்டும் இல்லை. அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம் என்றார்.

டீ நேரத்தில் ரிப்போர்ட்டின் நகலையும் அந்த ரப்பர் துண்டையும் கலியபெருமாளிடம் கொடுத்தேன். "தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றேன். ஒரு எழுத்து விடாமல் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ரப்பரை இழுத்துப் பார்த்தார்; காய்ந்து வெடித்திருந்தது. பிறகு கேட்டார்: "அடுத்த பொங்கலுக்கும் நீங்கதான சார் ரிப்போர்ட்டு எழுதுவீங்க?"

வெளிச்சம் கசியும் இடத்தைக் காட்டிக்கொடுக்க ஒரு கறுப்புத் துணி போதும், அதே துணியால் அதை மூடவும் முடியும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம்.