எல்லையோர ஊரின் சொந்தக்காரர்

நீளத்துண்டு உருளைக்கிழங்குப் பொரியலைச் சண்முகலிங்கம் எடுத்தவுடன் வாயில் போடுவதில்லை. இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்து வளைத்துப் பார்ப்பார். வளைந்துவிட்டால் முகத்தைச் சுளிப்பார். “உது ஒருக்காப் பொரிச்சது. எங்கட ஊரிலை ரெண்டு தரம் பொரிப்பினம்.”

எங்கட ஊர் என்றால் அவர் நாற்பது வயது வரை வாழ்ந்த யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் என்று நினைத்துவிடாதீர்கள். பெல்ஜியத்தில், பிளெமிஷ் மொழி பேசும் பகுதியின் கடைசி ஓரத்தில், பிரான்ஸ் எல்லையை முட்டிக்கொண்டு கிடக்கும் லிண்டகெர்க் என்ற சிற்றூர். எண்பத்தெட்டில், கனடாவுக்கு அனுப்புவதாகக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் ஒரு மாரிகாலம் முழுவதும் அவரை அங்கே ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில் வைத்திருந்தான். அந்த ஒரு மாரியை வைத்துக்கொண்டு எட்டு வருடமாகக் கனடாவின் ஸ்காபரோவில் பெரிய மனிதராக நடமாடுகிறார். மற்றவர்கள் பாரிஸைப் பார்த்தவர்கள், பெர்லினைப் பார்த்தவர்கள். இவர் ஒருவரும் பார்க்காததைப் பார்த்தவர்.

கார்களுக்குக் கதவுப்பிடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்தால் பிளாசாவிலுள்ள சாப்பாட்டுக் கடையில் எங்கள் சபை கூடும். லிண்டகெர்க்கின் பெரிய வீதியில் ஒரு பக்கம் பெல்ஜியம், மறுபக்கம் பிரான்ஸ். யாராவது கிழங்குப் பொரியலைப் ‘பிரெஞ்ச் பிரைஸ்’ என்றால் போதும். “என்ன பிரெஞ்ச்? ரோட்டுக்கு அங்காலை இருந்தவங்கள் களவெடுத்த பேர்!” ஒளிந்திருக்கப் போனவர் ஊர்ப் பகையையும் சேர்த்துக் கடத்தி வந்திருந்தார்.

மனைவி இராஜேஸ்வரிக்கு அந்த ஊர் சக்களத்தி. “என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு நான் என்ன நிறச் சீலை உடுத்தினனான் எண்டு கேளுங்கோ, தெரியாது. மரியெற்றாவின்ரை ஏப்ரன் நீலக்கோடு எண்டு நித்திரையிலையும் சொல்லுவார்.” மரியெற்றா, ஊர்ச் சந்தியில் வண்டி வைத்துக் கிழங்கு பொரித்து விற்ற, எழுபதைத் தாண்டிய மனுசி.

சண்முகலிங்கம் வெள்ளிக்கிழமைகளில் சுத்த சைவம். அங்கேயும் விரதத்தை விடவில்லை என்பது தனிப் பெருமை. “இறைச்சி இல்லாமல் சாப்பாடே இல்லாத ஊர். வெள்ளி எண்டால் மரியெற்றாவின்ரை கிழங்குதான் எனக்கு.”

போன மாதம் பெல்ஜியத்திலிருந்து அருள்நாயகம் என்றொருவர் வந்து சேர்ந்தார். லிண்டகெர்க்கில் மூன்று வருடம் இருந்தவர், அந்த ஊர்ப் பாஷை பேசுபவர் என்று தெரிந்ததும் கடையில் எல்லாக் கதிரைகளும் அவர் பக்கம் திரும்பின. சண்முகலிங்கம் திரும்பவில்லை. பரீட்சை வைத்தார்.

“சைக்கிள் கடைக்கு முன்னாலை என்ன?”

“பேக்கரி அண்ணை. இப்ப மூடிப்போட்டாங்கள்.”

“ஆரைக் கேட்டு மூடினவங்கள்?”

அடுத்த கேள்விக்குச் சண்முகலிங்கத்தின் குரல் தணிந்தது. “மரியெற்றா?”

“நல்ல சுகம். நான் ரெண்டு வருசம் அவவின்ரை வண்டியிலைதானே வேலை. பொரிக்கப் பழக்கினதும் அவதான். மாட்டுக் கொழுப்பை உருக்கிறதுதான் அண்ணை கரைச்சல்.”

“என்ன கொழுப்பு?”

“மாட்டுக் கொழுப்பு. ரெண்டு தரமும் அதிலைதானே பொரிக்கிறது.”

கடை குலுங்கியது. “லிங்கண்ணை, உங்கட வெள்ளி விரதம் எல்லாம் போச்சு!” என்று ஒருவர் மேசையில் தட்டினார். நானும் சிரித்தேன். ஆனால் சண்முகலிங்கத்தின் முகத்தில் இருந்தது விரதம் முறிந்த துக்கம் அல்ல. முருகனோடு அதைப் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

“உமக்குப் பழக்கினவவோ?” என்றார். “என்னை வண்டிக்குள்ளை எட்டிப் பாக்கவும் விடேல்லை.”

அருள்நாயகம் நல்ல மனிதர், அதுதான் பிழையாகப் போனது. சமாதானம் செய்வதாக எண்ணி, பர்ஸிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார். மழையில் நனைந்த சந்தி, தேவாலயக் கூம்பு, வண்டி. வண்டியின் முன்னால் மரியெற்றா. அவள் தோளில் கைபோட்டபடி அருள்நாயகம்.

சண்முகலிங்கம் படத்தை வாங்கினார். அருள்நாயகத்தின் முகத்தின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தி மறைத்தார். பிறகு யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மிச்ச ஊரை ஆறுதலாகப் பார்க்கத் தொடங்கினார்.