பேனரில் மூன்றாவது முகம்

என் வீட்டுக்காரர் முதஸ்ஸிரைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன்" என்பார்கள். தங்கத்தோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். காய்காரன் அழுகின தக்காளியைத் தள்ளிவிட்டாலும் "பரவால்லப்பா" என்று வாங்கி வந்து நிற்கிற ஆள். அவருக்கும் சேர்த்து நான்தான் சண்டை போட வேண்டும். அரீபாவின் வாய்க்குப் பயந்து தண்ணி லாரிக்காரன்கூட ஒழுங்காக வருவான் என்று என் நாத்தனார் சொல்வாள். உண்மைதான்.

முல்லா வீதிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பிளெக்ஸ் பேனர் கடை. காதுகுத்து, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் அடிப்போம். ஆனால் எந்த மாதத்திலும் ஓய்வில்லாமல் ஓடுவது கண்ணீர் அஞ்சலிதான். ஒருவர் செத்த இரண்டு மணி நேரத்தில் தெருமுனை பேனரில் அவர் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சொந்தக்காரர்களுக்குக் கௌரவக் குறைச்சல். மற்ற கடைக்காரர்கள் போட்டோவை வாங்கி, ரோஜாவும் புறாவும் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் மட்டும் அழுதுகொண்டு வந்தவர்களை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "அவரு எப்படிப்பட்ட ஆளு? யாரோட கோச்சுக்குவாரு? எத விரும்பிச் சாப்பிடுவாரு?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். அதை 'போனவர்கள்' என்ற தன்னுடைய பிளாகில் பேனர் படத்தோடு போடுவார். பதினாலு வருஷமாக இதே பைத்தியம்.

மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைத்தவர், பஞ்சாலையில் விரலைப் பறிகொடுத்தவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா கிழவர், பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டிய அம்மா என்று நானூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். பாரிசில் இருக்கிற மகன் "அப்பாவை மறுபடி பார்த்தேன்" என்று கமெண்ட் எழுதுவான். இவர் அதை மூன்று தரம் படித்துவிட்டு, எனக்கும் படித்துக் காட்டுவார். அதற்கடியிலேயே முடி வளர எண்ணெய், ஐந்து நிமிஷத்தில் லோன், ஆண்மைக்கு லேகியம் என்று குப்பை வந்து விழும். செத்தவர் முகத்துக்குக் கீழே லேகியம். அதனால் எந்தக் கமெண்ட் வந்தாலும் நாங்கள் பார்த்து விட்டால்தான் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தோம். பச்சைப் பட்டனை அழுத்தினால் வரும், சிவப்பை அழுத்தினால் குப்பைக்குப் போகும்.

அந்த வேலை என்னுடையது. கெட்ட வார்த்தையைப் படித்தால் இவருக்குச் சோறு இறங்காது. எனக்குத் தோல் தடிமன். பங்காளிச் சண்டை, சொத்துச் சண்டை, சின்ன வீட்டுச் சண்டை எல்லாம் செத்தவர் படத்துக்குக் கீழேதான் வந்து நாறும். வசவுக்கு நடுவில் புள்ளி வைத்து எழுதினாலும் கண்டுபிடித்துக் கழித்துவிடுவேன். மரியாதையாக எழுதியிருந்தால் பச்சை. என் சட்டம் அவ்வளவுதான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

போன வருஷம் மார்ச்சில் ராஜவேல் என்ற இருபத்தேழு வயசுப் பையனைப் பட்டப்பகலில் ஒயின் ஷாப் வாசலில் வெட்டிப் போட்டார்கள். இரண்டு தெருக்காரர்களுக்குள் ரொம்ப நாள் பகை. முகத்தையே சிதைத்திருந்தார்கள். அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தைப் பெரிசாக்கி இவர் பேனர் செய்தார். பெரிசாக ராஜவேல். அடியில் வட்ட வட்டமாக ஏழு முகம். 'கண்ணீருடன் நண்பர்கள்'. இடமில்லாததால் பேர் போடவில்லை. செத்தவனோடு படித்தவன், கபடி ஆடினவன் என்று ஏழு பேர் போட்டோ கொடுத்திருந்தார்கள். கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுக்காதவனை அப்புறம் தெருவில் எவனும் மதிக்க மாட்டான். ஆனால் வெட்டினவர்கள் பக்கம் அதை வேறு மாதிரி படிப்பார்கள் என்று எங்களுக்கும் தெரியும். கீழே முகம் காட்டுகிறவன் எல்லாம் பழிவாங்கச் சத்தியம் செய்தவன் என்பது அவர்கள் கணக்கு.

பிளாகில் போட்ட அன்றைக்கே ஆரம்பித்தது. இந்தப் பக்கத்தான் அவன் அம்மாவை இழுப்பான், அந்தப் பக்கத்தான் இவன் தங்கச்சியை இழுப்பான். குடலை உருவுவேன், தலையை உருட்டுவேன், உன் வீட்டுக் கதவைத் தட்டிக் கூப்பிட்டு வெட்டுவேன். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது. இட்லி வெந்துகொண்டிருக்கும்போது நான் நின்றபடியே அதையெல்லாம் படித்துச் சிவப்பை அழுத்துவேன். அதில் ஒன்று, "பேனர்ல மூஞ்சி காட்டற ஏழு பேர்ல ஒருத்தன், காரியத்துக்கு முன்னாடி போவான்" என்று இருந்தது. காரியம் பதினாறாம் நாள். எத்தனையோ வெத்துச் சவடாலில் இதுவும் ஒன்று என்று கழித்தேன்.

"ஏங்க, இந்தப் பேனர் ஒண்ண மட்டும் பிளாக்லேந்து எடுத்துடுங்க. நாறுது" என்று சொன்னேன்.

"அந்தப் பையன் அம்மா செல்வாம்பாள் தினம் அதத் தொறந்து பாக்கறாங்க அரீபா. எப்படி எடுக்கறது?" என்றார்.

பத்தாம் நாள் ஒரு கமெண்ட் வந்தது. "வணக்கம். கீழே மூன்றாவதாக இருக்கும் சகோதரர் என்னுடன் படித்தவர் போல் தெரிகிறது. நம்பர் தொலைந்துவிட்டது. இப்போது எங்கே இருக்கிறார்? தெரிந்தவர்கள் சொல்லவும். நன்றி." அத்தனை சாக்கடைக்கு நடுவில் ஒரு வணக்கம், ஒரு நன்றி. என் கண்ணே குளிர்ந்துவிட்டது. பச்சை. மறுநாள் பிரான்சிலிருந்து யாரோ ஒரு நல்ல பிள்ளை பதில் எழுதினான். "அது நம்ம வினோத்குமார். கல்யாணத்துக்கு அப்புறம் தவளக்குப்பம் ஜங்ஷன்கிட்ட இருக்கான். சேதராப்பட்டு கம்பெனில செகண்ட் ஷிப்ட். கம்பெனி பஸ்ஸுக்கு ஒண்ணரைக்கு டீக்கடையில நிப்பான்." அதற்கும் பச்சை. பிரிந்துபோன கூட்டாளிகள் ஒன்று சேர்கிறார்கள் என்று சந்தோஷம் வேறு பட்டேன். என் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்.

பதிமூன்றாம் நாள் பகல் பன்னிரண்டே முக்கால். குப்பைக்குப் போனதை மொத்தமாகக் காலி செய்யலாம் என்று இவர் உட்கார்ந்தார். திடீரென்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கமெண்ட் போடுகிறவர் மெயில் ஐடி கொடுக்க வேண்டும். அது எங்களுக்கு மட்டும் தெரியும், அதை வைத்து ஒருவன் எழுதின எல்லாவற்றையும் தேடலாம். "காரியத்துக்கு முன்னாடி போவான்" என்று எழுதினவனும், "வணக்கம் சகோதரர்" என்று எழுதினவனும் ஒரே மெயில். பேரை மட்டும் மாற்றியிருந்தான்.

"இத யாரு உட்டது?" என்று இவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

வினோத்குமார் நம்பர் எங்களிடம் இல்லை. பேனர் ஆர்டர் கொடுத்தவன் போனை அணைத்து வைத்திருந்தான். போலீசுக்குச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தோம். முதலியார்பேட்டை சிக்னலில் நின்றபோது இவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பஸ்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அரியாங்குப்பம் பாலத்தில் நெரிசல். நான் பின்னால் உட்கார்ந்து, தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன். ஒண்ணு இருபத்தஞ்சுக்கு ஜங்ஷனுக்கு வந்துவிட்டோம். ஒரு நிமிஷம் எனக்கு உயிர் வந்தது. டீக்கடை வாசலில், பேனரில் பார்த்த அதே முகம், தோளில் சாப்பாட்டுப் பையோடு பன் தின்றுகொண்டிருந்தது. போலீஸ் இன்னும் வந்திருக்கவில்லை. ரோட்டைக் கடந்தால் போதும்.

அதற்குள் இரண்டு பைக் வந்து நின்றது. முதலில் நாட்டு வெடிகுண்டு ஒன்றைத் தரையில் அடித்தார்கள். காது அடைத்து, புகையில் ஒன்றும் தெரியவில்லை. கூட்டம் சிதறி ஓடியது. புகை கலைவதற்குள் நான்கு பேர் அவன் மேல் இருந்தார்கள். முதல் வெட்டைச் சாப்பாட்டுப் பையால் தடுத்தான். சோறும் சாம்பாரும் சிதறியது. இரண்டாவதைக் கையால் தடுத்தான். கை தொங்கியது. "நான் ஒண்ணும் பண்ணல, நான் கம்பெனிக்குப் போறேன்" என்று கத்தினான். அவன் விழுந்த பிறகும் விறகு பிளக்கிற மாதிரி மேலிருந்து போட்டார்கள். கழுத்தில் ஒன்று, தலையில் மூன்று. எண்ணக் கூடாது என்றாலும் எண்ணினேன். பைக்கை முறுக்கிக்கொண்டு போனார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

தெருநாய் குரைத்தாலே ஒதுங்குகிற என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை என்னோடு சேர்த்துக் கீழே போட்டுவிட்டு ஓடினார். சட்டையைக் கழற்றி அவன் கழுத்தைப் பொத்தினார். ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியிலேயே முடிந்துவிட்டது. அவன் மனைவி சுடர்விழி அங்கே ஓடி வந்து, ரத்தத்தில் நனைந்து நின்ற இவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். காப்பாற்றப் பார்த்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டு அழுதாள். நான் நகர்ந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வினோத்குமாரின் அண்ணன் தம்பிகளுக்குப் பிளாக் விஷயம் தெரிய மூன்று நாள் ஆனது. காலை பதினோரு மணிக்கு ஐந்து பேர் கடைக்குள் வந்து ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். ஒருவன் போனைத் திறந்து அந்தக் கமெண்டைக் காட்டினான்.

"இத வெளிய உட்டது யாரு?"

"நான்தாம்பா" என்றார் இவர். யோசிக்கவே இல்லை.

நான் லாமினேஷன் மிஷின் பக்கத்தில், இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன்.

"எந்தக் கையி?"

இவர் வலது கையைக் காட்டினார். அதை மேஜைமேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பியால் அடித்தார்கள். முதல் அடியில் இவர் "அல்லா" என்றார். இரண்டாவதில் சத்தம் வரவில்லை. மூன்றாவதில் எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. நான்காவது தேவையே இல்லை, ஆனாலும் அடித்தார்கள். கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவில் உடைத்தார்கள். என்னை ஒருவனும் தொடவில்லை, ஒருவனும் எதுவும் கேட்கவும் இல்லை. ஊரையே வாயால் அடக்குகிற நான் அன்றைக்கு ஒரு சொல் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று விரலில் கம்பி வைத்தார்கள். கட்டில் பக்கத்தில் நான் அழுதபோது, "நீ சொல்லியிருந்தா ஒன்ன அடிச்சிருப்பானுங்க. உடு" என்றார். பிளாகை மூடினார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த மனுஷனின் நல்லதனத்தின் மேல் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. ஒரு தரம் திட்டியிருந்தால், ஒரு தரம் தட்டை வீசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். இடது கையால் மவுஸ் பிடித்து, அரைமணி வேலையை மூன்று மணி நேரம் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதுதான் ஒரு வருஷமாக என் வேலை.

போன மாதம் சுடர்விழி கடைக்கு வந்தாள். புருஷன் வேலை பார்த்த சேதராப்பட்டு கம்பெனியிலேயே இப்போது பேக்கிங்கில் இருக்கிறாளாம். சீருடையோடு வந்திருந்தாள்.

"வருஷ நினைவுக்கு ஒண்ணு அடிக்கணும்ணா. அவரு படம் மட்டும் போதும். கீழ யாரு மூஞ்சியும் வேணாம்."

இவர் தலையாட்டிவிட்டு இடது கையால் படத்தைத் திறந்தார். மேஜைமேல் கிடந்த வலது கையின் வளைந்த விரல்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? தெரியாம நடந்துபோச்சு. நீங்கதான ஓடியாந்து தூக்குனீங்க. எங்க ஆளுங்க செஞ்சத மன்னிச்சிருங்கண்ணா" என்று கை கூப்பினாள்.

இவர் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார். புருஷனைப் பறிகொடுத்தவள் மன்னிப்புக் கேட்கிறாள், கை ஒடிந்தவர் பரவாயில்லை என்கிறார். நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன்.

"அவரு இல்ல, நானு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எழுந்து அவள் எதிரில் போய் நின்றேன். "அந்தக் கமெண்ட்ட வெளிய உட்டது நானு. ரெண்டையும் நான்தான் உட்டேன். அவரு அதப் பாக்கவே இல்ல. ஒங்க ஆளுங்க வந்து கேட்டப்ப பயந்துக்கினு இங்கதான் நின்னேன். அவர அடிக்கவுட்டு வேடிக்கை பாத்தேன்."

"அரீபா" என்றார் இவர்.

சுடர்விழி கூப்பிய கையைப் பிரித்தாள். அப்புறம் அறைந்தாள். என் உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. இரண்டாவது அறையில் மேஜை விளிம்பில் போய் மோதினேன். என் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தி, "ரெண்டு மாசம்டி, எங்களுக்குக் கல்யாணமாயி ரெண்டு மாசம்" என்றாள். இவர் பதறி எழுந்து நடுவில் வரப் பார்த்தார்.

"நீங்க உக்காருங்க" என்றேன்.

அவள் கை மறுபடியும் உயர்ந்தது. நான் முகத்தைத் திருப்பவில்லை.