வளையல் ஏறவில்லை, கோபம் இறங்கவில்லை

இன்று மதியம் எங்கள் வீட்டில் வளைகாப்பு. வளையல் ஏறவில்லை!

முதலில் விவரம். என் மனைவி மாலதிக்கு நாற்பத்தொரு வயது. வயிற்றில் இரட்டை. ஒன்பதாம் மாதம். (வளைகாப்பு ஏழிலேயே வைத்திருக்க வேண்டியது. அப்போது டாக்டர் எழுந்து நடக்கவே கூடாது என்றுவிட்டார்.)

ஒன்று விலா எலும்பில் உதைக்கிறது. இன்னொன்று மூத்திரப்பையின் மேல் குடியிருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும், நின்றால் கால் வீங்கும். சோபாவில் சாய்ந்தபடிதான் தூக்கம், அதுவும் வந்தால். செருப்பு மாட்டிவிடுவது என் வேலை.

ஊரிலிருந்து யாராவது "எப்படிம்மா இருக்கே?" என்றால், "இருக்கேன்" என்பாள். அதற்குத்தான் மூச்சு இருக்கிறது.

யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

இந்த வெளிநாட்டில் நாங்கள் இருக்கும் பிளாக்டவுனில் சந்திரா அக்கா என்று ஒருவர். எந்த வீட்டு விசேஷம் என்றாலும் முன்னால் நிற்பார். சில வருடங்களுக்கு முன்பு வேறொரு பெண்ணின் வளைகாப்பில் மாலதி வளையலோடு முன்னே போனபோது, அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ அப்புறமா போடும்மா. புள்ள பெத்தவங்க மொதல்ல போடட்டும்."

எல்லோர் முன்னாலும்!

மாலதி மறந்துவிட்டதாகச் சொல்கிறாள். நான் மறக்கவில்லை. மறப்பதாகவும் இல்லை.

"அந்தம்மா நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றேன்.

"ஏங்க, வயித்துல ஏற்கெனவே ரெண்டு பேரு. உங்க கோவத்தையும் மூணாவதா சுமக்க என்னால முடியாது. வந்துட்டுப் போகட்டும்."

ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "மொத வளையல் ரஞ்சி அக்காதான் போடணும். சந்திரா அக்கா பக்கத்துல நின்னு பாக்கட்டும்" என்றாள்.

ரஞ்சி அக்கா பக்கத்து வீடு. யாழ்ப்பாணத்துக்காரர். குழந்தை இல்லை. மாலதி படுத்த நாளிலிருந்து எங்களுக்குச் சோறு வருவது அவர் அடுப்பிலிருந்துதான்.

இன்று கூடம் நிறைய ஆட்கள். ரஞ்சி அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. மாலதியே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கூப்பிட்டாள்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை. நாளைக்கு ஏதும் நடந்தால் என்ரை கைதான் எண்டு சொல்லுவினம்."

"நீங்க போடலன்னா நான் யார்கிட்டயும் கைய நீட்ட மாட்டேன்."

வந்தார். சந்தனம் பூசினார். பச்சைக் கண்ணாடி வளையலை எடுத்தார்.

நான் மாலதியைப் பார்க்கவில்லை. சந்திரா அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியம் வருடக்கணக்காகத் தயார்.

வளையல் விரல் முட்டியில் நின்றுவிட்டது.

அடுத்த கையிலும் அப்படியே.

சந்திரா அக்கா பெருமூச்சு விட்டார். "இதுக்குத்தான் பெரியவங்க ஒரு மொற வச்சாங்க. நகரும்மா. யாராவது சோப்பு கொண்டாங்க, நான் போட்டா ஏறிடும்."

என் வாக்கியம் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது!

ரஞ்சி அக்கா முந்திக்கொண்டார். மாலதியின் கையை விடவில்லை.

"பொறுங்கோ. பிள்ளை, போன ஞாயிறு நான்தானே போட்டுப் பாத்தனான்? லூசா எல்லோ இருந்தது?"

"ஆமாக்கா."

"முகமும் ஊதிக் கிடக்கு. தலையிடிக்குதோ?"

மாலதி அழுதுவிட்டாள். "காலையிலேருந்து மண்ட பொளக்குதுக்கா. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது. இத்தன பேர் வர்றாங்களேன்னு சொல்லல."

என்னிடமும் சொல்லவில்லை. (நான் வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.)

ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். மிட்வைஃப் முழுவதும் கேட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "நவ்."

வாசலில் சந்திரா அக்கா மறித்தார். "சடங்கப் பாதியில விடக் கூடாதுப்பா. ஒத்த வளையலாவது போட்டுட்டுப் போங்க!"

"வழிய விடுங்கக்கா" என்றாள் மாலதி. பல வாரங்களுக்குப் பிறகு அவள் மூச்சு வாங்காமல் பேசி இன்றுதான் கேட்டேன்.

நான் காரை ஓட்ட, ரஞ்சி அக்கா பின்சீட்டில் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார்.

ரத்த அழுத்தம் எங்கோ போயிருந்தது. இரட்டைக் கர்ப்பத்தில் அதிகம் வருவதுதானாம். கவனிக்காமல் விட்டிருந்தால் வலிப்பு வரை போயிருக்கலாம், மூன்று உயிருக்கும் ஆபத்து என்றார் டாக்டர். இப்போது மருந்து ஏறுகிறது. இரண்டு இதயத் துடிப்பும் தனித்தனியாகக் கேட்கிறது. நாளைக் காலை ஆபரேஷன்.

பெயர் எழுதிய பிளாஸ்டிக் பட்டையைக் கையில் மாட்ட மிட்வைஃப் வந்தாள். மாலதி கையை இழுத்துக்கொண்டாள். ரஞ்சி அக்காவைக் காட்டி, "கேன் ஷீ டூ இட்?" என்றாள்.

மிட்வைஃபுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் சிரித்தபடி கொடுத்தாள்.

கடைசி ஓட்டையில் பட்டை பொருந்தியது. ரஞ்சி அக்கா அதைத் திருப்பித் திருப்பிச் சரி செய்துகொண்டே இருந்தார். மாலதி அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்கும் அசதி. நாளைக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

எழுந்து டீ வாங்கலாம் என்று பார்த்தால், வாட்ஸ்அப்பில் சந்திரா அக்கா: "நல்லபடியா பொறக்கட்டும். ஆனா நான் சொன்னப்பவே சோப்பு போட்டிருந்தா வளையல் ஏறியிருக்கும்."

ஏறியிருக்கும் அக்கா. நிச்சயம் ஏறியிருக்கும். நாமும் புளியோதரை சாப்பிட உட்கார்ந்திருப்போம்.

மாலதி கண்ணைத் திறக்காமலே, "பதில் அனுப்பாதீங்க" என்றாள்.

அனுப்பவில்லை. இங்கே பதிவாக எழுதியிருக்கிறேன்.

(சந்திரா அக்காவும் என் நட்பு வட்டத்தில்தான் இருக்கிறார்.)